இந்திரசாலமும் சுவரொட்டியும்

செப்படிவித்தை, கண்கட்டுவித்தை, இந்திரசாலம் என்றெல்லாம் வழங்கும் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வித்தைகளின் நுட்பத்தையே ஆராய்வர். அக்கலையைத் தொழிலாகக் கொண்டோர் தம் பெயரையும் உருவையும் எவ்வாறு வகுத்துக்கொண்டனர், அவற்றை அச்சுப்பொறியின் துணைகொண்டு எவ்வாறு பரப்பினர் என்பனவும் ஆராயத்தக்கனவே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் மேலைநாட்டு மேடைகளிற் 'கீழைத்தேய மாயாவி' என்னும் உருவம் மிகுந்த விலை பெற்றது. அவ்வுருவால் ஆதாயம் அடைந்தோர் யாவர் என்று நோக்குவோமாயின் வியப்பே மேலிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரிற் புகழ்பெற்ற இந்திய வித்தைக்காரர் ஒருவரின் பெயர் அக்காலத்து அறிவித்தல்களில் 'ராமோ சாமி' எனக் காணப்படுகின்றது. இராமசாமி என்னும் பெயரே இவ்வாறு சிதைந்தது என்பதைத் தமிழறிந்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. பந்துகளை வீசிப் பிடித்தலும் வாளை விழுங்குதலும் அவருடைய வித்தைகள். ஆங்கிலக் கட்டுரையாசிரியர் வில்லியம் ஹஸ்லிற் 1821இல் இந்திய வித்தைக்காரரைப் பொருளாகக்கொண்டு புகழ்மிக்க கட்டுரையொன்றை வெளியிடும் அளவுக்கு இத்தகையோர் அந்நகரத்தாரின் மனத்தைக் கவர்ந்திருந்தனர். ஆயினும் அறிவித்தல்களை அச்சிட்டோர் நாடகசாலைக்காரர். பெயரை எவ்வாறு எழுதுவது என்பதைத்தானும் அவர்களே தீர்மானித்தனர் போலும். இராமசாமி 1850இல் வறுமையில் இறந்தார். அவருடைய மனைவி அடக்கச் செலவுக்குப் பத்திரிகை வாயிலாகப் பிறரிடம் உதவி வேண்ட நேர்ந்தது.

தம் உருவத்தைத் தாமே வகுத்துக்கொண்டோருள் பிரான்சு தேசத்து றொபேட் ஹூடான் முதன்மையானவர். மணிக்கூட்டுத் தொழில் பயின்ற இவர் 1845இற் பாரிசில் தமது சிறு அரங்கைத் திறந்தார். சூனியக்காரரின் நீண்ட அங்கியையும் கூம்புத் தொப்பியையும் விலக்கி, தம்மைக் காணவந்த கனவான்கள் அணிந்த மாலைநேர உடையையே அவரும் அணிந்தார். அதன்பின் மேலைநாட்டு வித்தைக்காரன் கனவானாகவே மேடையேறலானான். மர்மம் வேண்டியபோதோ, அவன் கிழக்கு நோக்கிக் கையை நீட்டினான்.

வண்ணக் கல்லச்சு வளர்ந்தமை இதற்குப் பெருந்துணையாயிற்று. அமெரிக்காவின் சின்சினாற்றி நகரத்து ஸ்றோபிறிட்ஜ் அச்சகத்தார் ஹரி கெலர் என்னும் வித்தைக்காரருக்கு அச்சிட்ட சுவரொட்டிகளிற் செந்நிறக் குட்டிச்சாத்தான்கள் அவருடைய செவியில் இரகசியம் ஓதின. பெண்ணொருத்தியை அந்தரத்தில் மிதக்கச் செய்த தமது வித்தைக்குக் கெலர் 'இளவரசி கர்ணாக்' எனக் கீழைத்தேயப் பெயர் சூட்டினார். கர்ணாக் என்பது எகிப்து தேசத்துக் கோயிலூர். வித்தையோ இலண்டனில் மாஸ்கலின் என்பவர் அமைத்தது! சுவரொட்டியைக் கண்டு நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் இதனை ஆராய்ந்தார்களல்லர்.

கெலர் பெயரை மட்டும் கிழக்கிலிருந்து கடன்கொண்டார்; வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கரோ உடல் முழுவதையும் அக்கடனுக்குள் ஆழ்த்தினார். 1898இற் சிங் லிங் பூ என்னும் உண்மையான சீன வித்தைக்காரர் அமெரிக்காவுக்கு வந்து, வெறுந்துணியினுள்ளிருந்து நீர் நிறைந்த பெருங்கலத்தை வருவித்துக் காட்டினார். 1900இல் றொபின்சன் தலையை மழித்து, பின்னல் தரித்து, சுங் லிங் சூ என்னும் பெயருடன் ஐரோப்பிய மேடையில் தோன்றினார். பெயரின் ஒற்றுமை தற்செயலானதன்று. அவருடைய துணைவியாராகிய அமெரிக்கப் பெண்மணியும் சூயி சீன் என்ற சீனப் பெண்ணாக உடன் வந்தார். பேர்மிங்காம் நகரத்து ஜேம்ஸ் அப்டன் அச்சகத்தில் அவருக்காக அச்சான சுவரொட்டிகள் இன்றும் சேகரிப்போரால் மிகவும் விரும்பப்படுகின்றன. மேடையில் அவர் ஆங்கிலம் பேசுவதில்லை. பத்திரிகையாளரைக் காணும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உடனிருந்தார்.

1905இல் இருவரும் ஒரே காலத்தில் இலண்டனில் இருந்தனர். சீனர் தம் பெயரைத் திருடியவரைப் போட்டிக்கு அழைத்தார். ஆயின் குறித்த வேளையில் அவரே வரவில்லை. இலண்டன் மக்களோ உண்மையான சீனர் எவர் என்பதைப் பற்றிக் கவலைகொள்ளவில்லை. சுவர்களில் மிகுதியாகக் கண்ட முகமே அவர்களுக்கு மெய்யாயிற்று.

1918 மார்ச்சு 23ஆந் திகதி, வூட் கிறீன் எம்பயர் அரங்கில், துப்பாக்கிக் குண்டைத் தட்டிலே பிடிக்கும் வித்தையின்போது துப்பாக்கியின் உட்பொறி பழுதுற்றமையால் மெய்யாகவே குண்டு பாய்ந்தது. வீழ்ந்த சுங் லிங் சூ திரையை இறக்குமாறு ஆங்கிலத்திற் கூவினார். மறுநாள் இறந்தார். பதினெட்டாண்டு காலம் காக்கப்பட்ட உருவம் ஒரு வாக்கியத்திற் குலைந்தது.

இந்நிலையில் வங்காளத்தைச் சேர்ந்த பிரதுல் சந்திர சர்க்கார் செய்த காரியம் கருத்தூன்றி நோக்கற்பாலது. 1913இல் இக்கால வங்காள தேசத்தின் டாங்காயில் பகுதியிற் பிறந்த இவர் கணிதம் பயின்றவர். 'சர்க்கார்' என்னும் குடும்பப் பெயரைச் 'சோர்க்கார்' என மாற்றி எழுதினார். மாயாவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலி அதில் தொனித்தது. இராமசாமியின் பெயர் பிறர் கையிற் சிதைந்தது. சோர்க்கார் தம் பெயரைத் தாமே, கணக்கிட்டு, திருத்திக்கொண்டார். தம் ஆட்டத்துக்கு 'இந்திரஜால்' எனப் பெயரிட்டு, மணியிழைத்த தலைப்பாகையும் இறகும் நீண்ட அங்கியுமாக மகாராசா வேடத்தில் உலக மேடைகளில் உலாவினார். சுதேச மன்னர்கள் தம் அரசுகளை இந்திய ஒன்றியத்திடம் ஒப்படைத்துவிட்ட 1950களில் மன்னர் கோலம் வித்தைக்காரரிடம் வந்து சேர்ந்தமை சுவையானதொரு செய்தி. மேலைநாட்டார் வரைந்துவைத்த கீழைத்தேய மாயாவியின் உருவத்தை அவர் மறுக்கவில்லை. அதற்கு உரிமை கொண்டாடினார்.

உலகின் தலைசிறந்த மாயவித்தையாளர் என்று தம்மைத் தாமே விளம்பரஞ் செய்தமைக்காக அவர் பெரிதும் கண்டிக்கப்பட்டார். தற்புகழ்ச்சி அழகன்றுதான். ஆயினும் 'கைவிலங்கு வேந்தர்' எனத் தம்மைச் சுவர்தோறும் பறைசாற்றிய ஹூடினி முதலியோரை எவரும் அடக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதில்லை. ஐரோப்பியர் செய்தால் விளம்பரம், இந்தியர் செய்தால் செருக்கு என்னும் அளவுகோல் நேரியதன்று.

1956 ஏப்பிரல் 9ஆந் திகதி பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சியிற் சோர்க்கார் பதினேழு வயதுப் பெண்ணொருத்தியை மின்சார வட்டவாளால் இரு கூறாக்குவதுபோலக் காட்டினார். பின்னர் அவளை எழுப்ப முயன்றார், அவள் அசையவில்லை. அவளது முகத்தைத் துணியால் மூடினார். உடனே றிச்சாட் டிம்பிள்பி முன்வந்து நிகழ்ச்சி முடிந்ததென அறிவித்துவிட்டார். பெண் இறந்தாளென அஞ்சியோரின் தொலைபேசி அழைப்புக்கள் நிலையத்திற் குவிந்தன. மறுநாட் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் இதுவே செய்தி. நேரம் கடந்தமையே காரணம் என விளக்கம் தரப்பட்டது. பல்லாண்டு மேடைப்பழக்கமுள்ள ஒருவர் நிமிடக் கணக்கில் தவறினார் என்பது நம்புதற்கரிது. இலண்டனில் டியூக் ஒவ் யோர்க் அரங்கில் அவரது ஆட்டத்துக்குரிய நுழைவுச்சீட்டுக்கள் விற்றுத் தீர்ந்தன. எந்தக் கல்லச்சுச் சுவரொட்டியும் ஓரிரவில் அத்துணை இல்லங்களை எட்டியிராது. அதற்கு அச்சுக்கூலியும் இல்லை.

1964இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1971 சனவரி 6ஆந் திகதி யப்பானிற் சுற்றுப்பயணத்தின்போது சோர்க்கார் காலமானார். அவருடைய மைந்தர் பிரதீப் சந்திரர், இளைய பி.சி. சோர்க்கார் என்னும் பெயருடன், அதே தலைப்பாகையை அணிந்து இந்திரஜாலைத் தொடர்ந்து நடத்தினார்.