எலியைக் கொல்லுமுன் வழியை அடைப்போம்

நக்கிள்ஸ் மலையடிவாரத்துப் பன்வில போன்ற பிரதேசங்களில் தேயிலைத் தோட்டமும் காடும் குடியிருப்புகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மழை தொடங்கியதும் எலிகள் கூரைக்குள் புகுவது இங்கு புதுமையல்ல. உடனே நாம் பரணில் நஞ்சு வைக்கின்றோம். சில நாட்கள் சத்தம் ஓயும். பின்னர் அதே துவாரத்தினூடாகப் புதிய எலிகள் வந்து சேரும். நஞ்சுண்ட எலி உட்கூரையில் இறந்து நாறுவதும் உண்டு.

இது வெறும் தொல்லையன்று. 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தின்பேரில் பதிவாகினர். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் அந்நோயைப் பரப்புகின்றன. எலி விளக்குத்திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக்கூடும் என்பதால், உறங்குமுன் விளக்கை அணைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஹதீஸ் கூறுகின்றது. இன்று எலி கடிப்பது கூரைக்குள் ஓடும் மின்கம்பியை.

1911இல் ஜாவாவின் மலாங் பகுதியில் பிளேக் நோய் பரவியபோது, கூரையின் மூங்கில் குழாய்களுக்குள் எலிகள் கூடுகட்டியிருந்தமை கண்டறியப்பட்டது. எனவே டச்சு ஆட்சியினர் எலி புகாதவாறு இலட்சக்கணக்கான வீடுகளைத் திருத்தினர்.

நாம் செய்ய வேண்டியதும் அதுவே. பகலில் பரணேறி விளக்கை அணைத்தால், வெளிச்சம் கசியும் இடங்கள் தெரியும். எலி உரசிச் செல்லும் வழியில் கறுத்த எண்ணெய்க்கறை படிந்திருக்கும். சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளியும், கூரை எலிக்குச் சுமார் 12 மில்லிமீற்றரும் போதுமானவை. தகரத்தின் நெளிவுக்கும் சுவருக்கும் இடையிலான சந்து, குழாயும் மின்கம்பியும் நுழையும் துவாரம், உடைந்த ஓடு ஆகியவற்றைத் தவறாது பார்க்க வேண்டும். துணியும் பலகையும் எலியின் பல்லுக்கு நில்லா. சீமெந்துச் சாந்து, தகடு, 6 மில்லிமீற்றருக்கும் குறைந்த கண்ணுடைய இரும்புவலை ஆகியவையே ஏற்றவை. கூரையைத் தொடும் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும்.

ஏனைய வழிகளை அடைத்து, உள்ளிருப்பவற்றைப் பொறிவைத்துப் பிடித்து, பிரதான வழியில் மாவைத் தூவிப் பார்க்கலாம். சில இரவுகள் கால்தடம் விழாவிட்டால் அதனையும் மூடலாம். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாது, கையுறை அணிந்து, கிருமிநாசினியால் நனைத்துத் துடைப்பதே பாதுகாப்பு.

தனிவீட்டுக்காரர் இவற்றைத் தாமே செய்துகொள்வார். ஆனால் ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த லயன் அறைகளில், ஒரு குடும்பம் தன் துவாரத்தை அடைத்தாலும் அடுத்த அறையின் துவாரம் திறந்தே இருக்கும். வீடும் நிலமும் தம் பெயரிலில்லாத தொழிலாளரிடம் கூரையைத் திருத்துமாறு கூறுவது நியாயமாகாது. லயன் முழுவதையும் ஒரே வேளையில் திருத்துவது தோட்ட நிர்வாகங்களின் கடமை என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.