எண்ண முடியாத தளபாடம்

மத்ரித்திலோ மெக்சிக்கோவிலோ ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் மாணவர்களின் கொப்பிகளில் சில சொற்களைத் திரும்பத் திரும்பச் சிவப்பு மையால் வெட்ட வேண்டியிருக்கும். 'இன்போர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'பர்னிச்சர்ஸ்' என்பன அவற்றுள் முதன்மையானவை. தகவல், புத்திமதி, தளபாடம் ஆகிய மூன்றையும் ஆங்கிலம் இன்று எண்ணுவதில்லை. ஸ்பானிய மொழியோ மூன்றையும் எண்ணுகின்றது. ஒரு புத்திமதி 'கொன்செஹோ', பல புத்திமதிகள் 'கொன்செஹோஸ்'. ஒரு தளபாடம் 'முவெப்ளே', பல தளபாடங்கள் 'முவெப்ளேஸ்'. தாய்மொழியின் வழியே நடந்து வரும் மாணவன் இவ்விடத்தில் தடுக்கி விழுகின்றான். நம்மவர் பிள்ளைகளும் இதே பிழையை விடுகின்றார்கள் என்பதை ஆங்கிலம் படிப்பிக்கும் நண்பர்கள் அறிவர்.

பாடநூல்கள் இதற்கு ஒரு காரணம் சொல்லும். எண்ணக்கூடிய பொருள்களின் பெயர்கள் பன்மை ஏற்கும்; நீர், மணல், பால் போன்று எண்ண முடியாதவற்றின் பெயர்கள் ஏற்கா. கேட்க அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் கதிரையையும் மேசையையும் அலுமாரியையும் எண்ணலாமே. அவை மூன்றும் சேர்ந்து 'பர்னிச்சர்' என்ற பெயரைப் பெற்றவுடன் எண்ண முடியாதனவாகி விடுவது எப்படி? அறையில் இருக்கும் பொருள் மாறவில்லை. மாறியது சொல். ஆகவே விடையைப் பொருளில் தேடுவதை விட்டுச் சொல்லின் வரலாற்றிலே தேட வேண்டும்.

'பர்னிச்சர்' பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வேண்டியவற்றைக் கொடுத்து நிரப்புதல் என்ற செயலையே அது முதலிற் குறித்தது. வீட்டுக்கு வேண்டியவை என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. செயலின் பெயராகப் பிறந்ததனால் ஒன்று, இரண்டு என்று எண்ணும் பழக்கம் அதற்கு ஏற்படவில்லை. ஸ்பானிய 'முவெப்ளே' இலத்தீனில் அசையக்கூடியது என்று பொருள்படும் சொல்லின் வழி வந்தது. அசையும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு 'முவெப்ளே'. இரண்டு மொழியும் தத்தம் வழியில் நியாயமாகவே நடந்துள்ளன.

'நியூஸ்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. புதியது என்னும் சொல்லின் பன்மை வடிவமே அது. புதியவை என்பதே நேர்ப்பொருள். ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலே இச்சொல் சில இடங்களில் 'இந்தச் செய்தி' என்று ஒருமையாகவும் வேறு சில இடங்களில் 'இந்தச் செய்திகள்' என்று பன்மையாகவும் வருகின்றது. காலப்போக்கில் ஆங்கிலம் ஒருமையை வைத்துக்கொண்டு பன்மையைக் கைவிட்டது. ஸ்பானிய மொழியிலும் புதியவை என்று பொருள்படும் 'நுவேவாஸ்' என்ற சொல் செய்தியைக் குறிக்கும். அது இன்றும் பன்மைதான். 'இன்போர்மேஷன்' நீதிமன்ற வழக்கிலே, குற்றம் ஒன்றை முறைப்படி அறிவிக்கும் பத்திரம் என்ற பொருளில், இன்னமும் எண்ணப்படுகின்றது. பழைய வணிகக் கடிதங்களிலே வெளியூரிலிருந்து வரும் அறிவித்தல்கள் 'அட்வைசஸ்' எனப்பட்டன. ஆக, மாணவனின் கொப்பியில் வெட்டப்படும் சொற்களிற் சில ஆங்கிலேயரே தம் ஏடுகளில் எழுதி வந்தவை.

எதிர்த்திசையிற் போன சொல்லும் உண்டு. பட்டாணிக்கு ஆங்கிலத்தில் முன்பு 'பீஸ்' என்று பெயர். கோதுமை, அரிசி போல ஒரு தானியத்தின் பெயராக அது வழங்கியது. இறுதியில் ஒலிக்கும் 'ஸ்' பன்மை விகுதி என்று மக்கள் நினைத்தார்கள். 17 ஆம் நூற்றாண்டளவில் அதை நீக்கி, 'பீ' என்று இல்லாத ஓர் ஒருமையை உண்டாக்கினார்கள். குவியலாகக் கிடந்த தானியம் தனித்தனி மணியாயிற்று. எந்த இலக்கண ஆசிரியரும் இதற்கு அனுமதி வழங்கவில்லை!

பெயர்ச்சொற்களோடு தொல்லை முடிந்துவிடுவதில்லை. 'அதிகம்' என்பதற்கு ஸ்பானியர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப 'முச்சோ, முச்சா, முச்சோஸ், முச்சாஸ்' என ஈற்றை மாற்றுவர். ஆங்கிலமோ நீருக்கு 'மச்' என்றும் நூல்களுக்கு 'மெனி' என்றும் வேறுவேறு சொற்களைக் கேட்கின்றது. 'குறைவு' என்பதற்கு ஸ்பானியத்தில் 'மெனோஸ்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் 'லெஸ்', 'பியூவர்' என இரண்டு. நூல்களுக்கு முன்னே 'லெஸ்' வந்தால் ஆசிரியர் வெட்டுவார். ஆனால் 9 ஆம் நூற்றாண்டு மன்னன் அல்பிரட்டின் பெயரால் வழங்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலே சொற்களின் எண்ணிக்கையைக் குறிக்க 'லெஸ்' என்பதன் பழைய வடிவமே வந்துள்ளது. இவ்வழக்கை மறுத்து 'பியூவர்' நல்லது என்று 1770 இல் எழுதியவர் றொபேட் பேக்கர் என்பவர். அவர் அதைத் தமது விருப்பமாகவே சொன்னார். விருப்பம் விதியாகிப் பரீட்சைத் தாள் வரை வந்துவிட்டது.

இலக்கண நூலார் இந்த வேறுபாட்டை முழுமையாகக் கவனிக்க நெடுங்காலம் சென்றது. ஒருமையில் மட்டும் வரும் சொற்களை இலத்தீன் இலக்கணகாரர் விதிவிலக்குகளாகப் பட்டியலிட்டிருந்தனர். 1492 இல் நெப்ரிஹா ஸ்பானிய இலக்கணத்தையும், 1586 இல் வில்லியம் புல்லோக்கர் முதலாவது ஆங்கில இலக்கணத்தையும் அந்த இலத்தீன் அச்சிலேயே வார்த்தனர். டென்மார்க் அறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் தமது ஆங்கில இலக்கணத்தின் 1914 ஆம் ஆண்டுப் பகுதியில் திரள்பொருட் சொற்களைத் தனி இனமாக வகுத்த பின்னரே விடயம் தெளிவு பெற்றது.

அதை மாணவனின் கைக்குக் கொண்டு வந்தவர்கள் யப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர்கள். ஹரோல்ட் பாமர் 1938 இல் வெளியிட்ட சொல் இலக்கண நூலிலும், 1924 இல் யப்பானுக்குப் போன ஹோண்பி தம் துணைவர் இருவருடன் தொகுத்து 1942 இல் தோக்கியோவில் வெளிவந்த அகராதியிலும் பெயர்ச்சொற்கள் எண்ணப்படுவன, எண்ணப்படாதன எனப் பிரித்துக் காட்டப்பட்டன. பன்மை விகுதி கட்டாயமில்லாத யப்பானிய மொழி பேசுவோருக்கு இந்தக் குறிப்பு இன்றியமையாததாயிருந்தது. 1948 இல் ஒக்ஸ்போர்ட் அவ்வகராதியை மறுபதிப்புச் செய்தது. 'சீ', 'யூ' என்று சொல்லருகே நிற்கும் சிறு எழுத்துக்கள் அதன் வழியே உலகெங்கும் பரவின. ஸ்பானிய மாணவனும் இன்று அவற்றைத்தான் பார்க்கின்றான். பொருளைப் பார்த்துத் தர்க்கம் பண்ணுவதைவிட அந்த எழுத்தைப் பார்ப்பது நல்லது என்பேன்.

பாணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பானியத்தில் அது 'பான்'. நம் நாட்டுக்குப் போர்த்துக்கேயர் கொண்டு வந்த சொல்லும் அதன் உடன்பிறப்பே. ஸ்பானியர் 'இரண்டு பான்' என்று கேட்பர். நாமும் கடையில் 'இரண்டு பாண் தாருங்கோ' என்கிறோம். ஆங்கிலேயருக்கோ இடையிலே 'லோப்' என்றொரு சொல் வேண்டும்.

இத்தகைய வேறுபாடு ஸ்பெயின் மண்ணுக்கே அந்நியமானதென்று எண்ணிவிடக் கூடாது. வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியின் மொழியில் தலைமயிர் முழுவதையும் சொன்னால் 'பெலோ'. ஓர் இழையை மட்டும் சொன்னால் 'பெலு'. இரும்பு 'பியெர்ரோ', ஓர் இரும்புத் துண்டு 'பியெர்ரு'. பெயரடைகளும் இந்த வேறுபாட்டுக்கு இணங்கி ஈறு மாறும். கவிஞராகவும் மொழி ஆய்வாளராகவும் விளங்கிய தாமசோ அலொன்சோ 1958 இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தப் பேச்சிலே வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் 'ஹெயர்', 'எ ஹெயர்' என்ற வேறுபாடு வீட்டிலே கேட்ட சங்கதிதான்.