சிம்பல் பொருத்துதல்

டிரம் செட்டில் வெண்கலத் தகடுகளான சிம்பல்களை ஸ்டாண்டில் மாட்டி, வாசிப்பவரின் கைக்கு வாகாக நிறுத்தும் முறை. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் காலால் இயக்கும் ஹை-ஹேட் ஜோடி (பெரும்பாலும் 14 அங்குலம்), மேலே கிராஷ் (16 முதல் 18), வலப்பக்கம் ரைடு (20 முதல் 22) என்பது வழக்கமான அமைப்பு.

சிம்பலின் நாதமும் ஆயுளும் மாட்டுகிற விதத்தைப் பொறுத்தவை. ஸ்டாண்டின் கம்பியில் முதலில் உலோக வாஷர், அதன்மேல் ஃபெல்ட். கம்பியைச் சுற்றி பிளாஸ்டிக் குழல். பிறகு சிம்பல், மேலே இன்னொரு ஃபெல்ட், கடைசியில் விங் நட். நட்டை முறுக்கி இறுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. அடி விழுந்ததும் சிம்பல் ஆட வேண்டும். ஆட இடமில்லை என்றால் ஒலி பாதியில் அமுங்கும், அடியின் வேகம் முழுவதும் உலோகத்திலேயே இறங்கும். குழல் இல்லாத கம்பியின் மரை நடுத்துளையை அராவி அராவி, வட்டத் துளையைச் சாவித் துவாரம்போல் நீட்டிவிடும். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்பும். உயர்தர சிம்பலில் செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு. கோயில் மணிக்கும் ஏறத்தாழ இதே கலவைதான். நன்றாக ஒலிக்கும், ஆனால் வளையாமல் உடையும்.

கல்யாண ஊர்வலத்தில் வரும் பேண்டு செட்டில் இந்த ஸ்டாண்ட், நட்டுத் தொல்லை கிடையாது. கைச்சிம்பலின் துளை வழியே தோல் வாரைச் செருகி உள்பக்கம் முடிச்சிடுகிறார்கள். தோல் தொழில் நடக்கும் வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்குத் தோலின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை: பிடிக்கும், நெரிக்காது.

கிராஷைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்து வைத்து, விளிம்பைக் குச்சியால் ஒதுக்கி அடிப்பது நல்லது. நேர்க்குத்தாக விழும் அடி விளிம்பைப் பிளக்கும். நீட்டுக் கை உள்ள பூம் ஸ்டாண்டில், கை நீளும் திசையிலேயே ஒரு கால் இருக்கட்டும், இல்லையேல் சரியும்.

ஹை-ஹேட் 1920களில் கணுக்கால் உயரத்தில் இருந்தது. குழாயை உயர்த்திய பிறகே குச்சியால் வாசிக்க முடிந்தது. சென்னையில் 1959இல் பிறந்து, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற டிரம் கலைஞர் சிவமணியின் மேடையில் சிம்பல்கள் அவரைச் சுற்றிலும் நிற்கும்; அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில்தான்.

தேவாலயத்திலோ பள்ளியிலோ டிரம் செட்டைக் கவனிப்பவர்கள், நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு நட்டையும் தளர்த்திப் பார்த்து, குழல் தேய்ந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். குழலின் விலை சொற்பம். விரிசல் விட்ட சிம்பலைப் பற்றவைத்தாலும் பழைய நாதம் வராது.