மின்கிதாரின் வாசிப்புச் சுகம்

ஒரு மின்கிதார் வாசிப்பவரின் கைக்கு எவ்வளவு இசைந்து போகிறது, விரல் நினைத்ததை எவ்வளவு எளிதாகச் செய்யவிடுகிறது என்பதே அதன் வாசிப்புச் சுகம். இதற்கும் ஒலிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அருமையாக ஒலிக்கும் கிதார் அரை மணி நேரத்தில் மணிக்கட்டை வலிக்கச் செய்துவிடலாம். தந்தியின் இழுவிசை, விரல்பலகைக்கு மேல் தந்தி நிற்கும் உயரம், பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் நிலை, கழுத்தின் வடிவம், உடலின் எடை ஆகியவை சேர்ந்து இந்தச் சுகத்தை முடிவு செய்கின்றன. இவற்றில் முக்கியமானவை விலையையோ நிறுவனத்தின் பெயரையோ பார்ப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் செய்யும் திருத்தங்களில்தான் அவை அடங்கியிருக்கின்றன. இந்தத் திருத்தங்களை நன்றாகச் செய்து, அதாவது செட்டப் செய்து வைத்த மலிவான கிதார், கவனிக்காமல் விட்ட விலையுயர்ந்த கிதாரை எளிதாக மிஞ்சிவிடும்.

தந்தியின் நீளமும் கனமும்

கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டுக்கும் உடலில் அதைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையே அதிரும் தந்தியின் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சன் 1952-இல் வெளியிட்ட லெஸ் பாலில் பெயரளவில் 24.75 அங்குலம். முக்கால் அங்குல வேறுபாடு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதனால் லெஸ் பாலில் இழுவிசை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. அதில் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போது, அதாவது பெண்டிங் செய்யும்போது, விரலுக்கு மெத்தென்று இருப்பதன் முதல் காரணம் இதுதான்.

அடுத்தது தந்தியின் கனம். கடையில் ‘நைன் செட்’, ‘டென் செட்’ என்று கேட்பது முதல் தந்தியின் தடிமனைக் குறிக்கும்: 0.009 அங்குலம், 0.010 அங்குலம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் நீளத்தில் டென் செட்டின் முதல் தந்தி சுமார் 7.3 கிலோ விசையோடு இழுபடும். நைன் செட்டில் அது சுமார் 6 கிலோ. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் கூடியதற்கே ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு.

கனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிளாக் சப்பத் குழுவின் டோனி அயோமியைவிடத் துல்லியமாக உணர்ந்தவர் இருக்க முடியாது. 1965-இல், 17 வயதில், பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் அவருடைய வலது கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் துண்டிக்கப்பட்டன. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். உருக்கிய பிளாஸ்டிக் புட்டியிலிருந்து விரலுக்கு மூடிகள் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கனமான தந்திகளை அந்த மூடிகளால் அழுத்த முடியவில்லை. மெல்லிய கிதார் தந்தி அப்போது எளிதில் கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளை மாட்டினார். பின்னர் சுருதியையும் இறக்கினார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் சில பாடல்களில் மூன்று அரைச் சுரங்கள் கீழே வாசித்தார். ஹெவி மெட்டலின் அடையாளமாகிவிட்ட அந்தக் கனத்த ஒலிக்கு, விரல் வலியைக் குறைக்க அவர் செய்த ஏற்பாடும் ஒரு காரணம்.

எதிர்த்திசையில் போனவர் ஸ்டீவி ரே வான். அவருடைய முதல் தந்தி 0.013 அங்குலம். அரைச் சுரம் இறக்கி வைத்தும் அந்த ஒற்றைத் தந்தியின் இழுவிசை 11 கிலோ வரும். அவருடைய ஒலியை விரும்புகிற இளைஞர்கள் முதல் வேலையாக அந்தத் தந்தியை வாங்கிவிடுகிறார்கள். இது தவறான இடத்தில் தொடங்குவது. அரைச் சுரம் இறக்கினால் எந்தக் கிதாரிலும் இழுவிசை சுமார் 11 விழுக்காடு குறையும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பின்பற்றிய அந்த வழி செலவில்லாதது, விரலுக்கும் நல்லது.

தந்தியின் உயரமும் நட்டும்

விரல்பலகைக்கு மேல் தந்தி நிற்கும் உயரத்தை ஆக்‌ஷன் என்கிறார்கள். கிப்சன் இதை 12-ஆம் ஃப்ரெட்டில் அளக்கிறது: மெல்லிய தந்திக்கு சுமார் 1.2 மி.மீ., தடித்த தந்திக்கு சுமார் 2 மி.மீ. ஃபெண்டர் 17-ஆம் ஃப்ரெட்டில் அளக்கிறது. இன்றைய மாதிரிகளுக்குப் பொதுவாக 1.6 மி.மீ. சொல்கிறது. உயரம் குறைந்தால் அழுத்துவது எளிது. மிகவும் குறைந்தால் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும். ஒருவருக்கு ஏற்ற உயரம் அவர் எவ்வளவு பலமாக மீட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. அதனால் இன்னொருவரின் அளவை அப்படியே எடுத்துக்கொள்வதில் பயனில்லை.

கழுத்து ஒரேயடியாக நேராக இருக்கக் கூடாது. அதிரும் தந்தி நடுவில்தான் அகலமாக ஆடும். அதற்கு இடம்விட்டுக் கழுத்து மிக லேசாக முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் 8-ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே 0.25 மி.மீ. அளவு, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, இடைவெளி போதும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியைத் திருகி இதைச் சரி செய்வார்கள். கிப்சனில் பணிபுரிந்த தாடியஸ் மெக்ஹியூ இதற்கான காப்புரிமையை 1923-இல் பெற்றார். ஈரப்பதம் மாறும்போது மரம் உப்பும், சுருங்கும். கழுத்தின் வளைவும் கூடவே மாறும். கடலோர ஊர்களில் மழைக்காலத்துக்குப் பிறகு கிதார் ‘கெட்டுப்போனதாக’ எண்ணுபவர்களுக்கு, அந்தத் திருகைக் கால் சுற்று திருப்புவதே பல நேரங்களில் போதுமானது.

வாசிப்புச் சுகத்தில் மிகவும் புறக்கணிக்கப்படுகிற பகுதி நட். கழுத்தின் தலைப்பக்கம் இருக்கும் அந்தச் சிறு எலும்புத் துண்டில், அல்லது பிளாஸ்டிக் துண்டில், ஆறு பள்ளங்கள் இருக்கும். மலிவான கிதார்களில் இந்தப் பள்ளங்களை ஆழம் குறைவாக வெட்டி விட்டுவிடுகிறார்கள். ஆழமாக வெட்டிவிட்டால் திரும்ப நிரப்புவது கடினம் என்பதால் தொழிற்சாலை அஞ்சுகிறது. 648 மி.மீ. ஸ்கேலில் நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் இடையே இருப்பது வெறும் 36 மி.மீ. அந்தக் குறுகிய தூரத்துக்குள் தந்தியைக் கீழே கொண்டுவர வேண்டியிருப்பதால், நட் அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் விரல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதோடு தந்தி கூடுதலாக இழுபட்டு, முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறிப் பிசிறடிக்கும். புதிதாகப் பழகுபவர்களை அழவைக்கும் ‘எஃப்’ கார்டு அங்கேதான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு. தந்தியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பார்த்தால், மயிரிழை இடைவெளி மட்டுமே தெரிய வேண்டும். அங்கே விரலால் தட்டினால் ‘டிக்’ என்று மெலிதாகக் கேட்க வேண்டும். அல்லது முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற, தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை மாட்டி, அதே ‘எஃப்’ வடிவத்தை அடுத்த ஃப்ரெட்டில் பிடித்துப் பார்க்கலாம். கிதார் திடீரென்று எளிதாகிவிட்டால் குற்றம் நட்டில் இருக்கிறது, விரலில் இல்லை.

விரல்பலகையும் ஃப்ரெட்டுகளும்

விரல்பலகை அகலவாக்கில் லேசாக வளைந்திருக்கும். பழைய ஃபெண்டர்களில் இந்த வளைவின் ஆரம் 7.25 அங்குலம், இன்றைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5, கிப்சனில் 12. ஆரம் சிறியதாக இருந்தால் கார்டு பிடிப்பது சுகம். ஆனால் அதே பலகையில் மேல் ஃப்ரெட்டுகளில் முதல் தந்தியைப் பெரிதாகப் பெண்ட் செய்தால், அது வளைவின் மேட்டை நோக்கி நகர்ந்து அடுத்த ஃப்ரெட்டுகளில் முட்டி, நாதம் சட்டென்று செத்துவிடும். ஆக்‌ஷனை உயர்த்தினால் இது தீரும். கை வலி கூடும். நட்டுப் பக்கம் அதிக வளைவும் உடல் பக்கம் குறைந்த வளைவுமாகச் செதுக்கும் பலகைகள் இந்தச் சிக்கலுக்காக வந்தவை. எல்லாப் பாணியும் வாசிப்பவருக்கு அதுவே நல்ல தேர்வு.

வீணையில் மெட்டு எதுவோ அதுவே கிதாரில் ஃப்ரெட். உயரமான ஃப்ரெட்டில் விரல் நுனி மரத்தைத் தொடுவதே இல்லை, அதனால் பெண்டிங்குக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். முரட்டுத்தனமாக அழுத்துபவருக்கோ சுருதி விலகும். 1954-இல் வந்த லெஸ் பால் கஸ்டமுக்கு மிகத் தாழ்ந்த ஃப்ரெட்டுகள் வைத்தார்கள். ஜாஸ் வாசிப்பவர்களின் விரல் அதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பெண்டிங்குக்கு அது ஒத்துவரவில்லை.

ஃப்ரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தையே குடைந்து எடுப்பதும் உண்டு. ரிச்சி பிளாக்மோர், இங்வே மால்ம்ஸ்டீன் இருவரும் இத்தகைய பலகையால் அறியப்பட்டவர்கள். ஜான் மெக்லாஃப்லின் 1970-களில் வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவில் வாசித்த கிதாரின் பலகையும் குடையப்பட்டதுதான். கமகத்துக்குத் தந்தி தடையில்லாமல் நகர வேண்டும் என்பதே அங்கே தேவை. மின்கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவின் கச்சேரியைக் கேட்டால், பெண்டிங்கும் சறுக்கலும் எவ்வளவு நுணுக்கமான கமகத்துக்கு இடம் கொடுக்கின்றன என்பது விளங்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஃப்ரெட்டுகள் அனைத்தும் ஒரே மட்டத்தில் இருப்பதும் பளபளப்பாக இருப்பதும். ஒரே ஒரு ஃப்ரெட் தூக்கி நின்றாலும் ஆக்‌ஷனை இறக்க முடியாது. மெருகிடாத ஃப்ரெட்டில் பெண்ட் செய்தால் தந்தி நறநறவென்று மணலில் இழுபடும்.

கழுத்தும் உடலும்

கழுத்தின் பின்புறம் C, V, U, D போன்ற எழுத்துகளின் வடிவில் பெயர் பெறும். பெருவிரலைக் கழுத்துக்கு மேலே கொண்டுவந்து பிடிப்பவர்களுக்கு V பொருந்தும். எரிக் கிளாப்டன் 1970-இல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றை வாங்கி, மூன்றின் சிறந்த பாகங்களை ஒன்றாக்கி ‘பிளாக்கி’ என்ற கிதாரை உருவாக்கினார்; அதன் கழுத்து V வடிவம். தனக்குப் பிடித்த கழுத்தும் பிடித்த உடலும் ஒரே கிதாரில் அமைய வேண்டியதில்லை என்பதை அவர் தெளிவாகவே அறிந்திருந்தார். மெல்லிய கழுத்துதான் வேகத்துக்கு ஏற்றது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உள்ளங்கைக்குத் தாங்கல் கிடைக்காமல் மெல்லிய கழுத்தில் கை விரைவில் களைத்துப்போகிறவர்களும் நிறைய. கழுத்தின் பூச்சும் கவனிக்கத்தக்கது: பளபளக்கும் பாலியுரேதேன் பூச்சு வியர்த்த கையில் ஒட்டும், மெருகு குறைந்த பூச்சு ஒட்டாது. நம் தட்பவெப்பத்துக்கு இரண்டாவதே உகந்தது.

உடலைப் பொறுத்தவரை, ஃபெண்டரின் முந்தைய டெலிகாஸ்டர் பலகையின் கூர்மையான விளிம்பு விலாவில் குத்துவதாகக் கலைஞர்கள் முறையிட்டதால்தான் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் முன்னும் பின்னும் சரித்துச் செதுக்கப்பட்டது. லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்கள் சொன்னதைக் கேட்டார்.

கிதார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விரல் வலிக்கிறது என்று மாணவர் சொன்னால், பயிற்சி போதாது என்று சொல்வதற்கு முன் அவருடைய கிதாரைக் கையில் வாங்கி நட்டையும் ஆக்‌ஷனையும் பாருங்கள். கிதாரை விற்றுவிட நினைப்பவர்களும் முதலில் புதுத் தந்தி மாட்டி, நல்ல பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை செட்டப் செய்துகொண்டு, அதன் பிறகு முடிவெடுங்கள்.