கைப்பம்பும் காற்றுக் கடலும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் செல்லும் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று டீசல் தீர்ந்து வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? பின்னால் வரும் லாரியை நிறுத்தி, அதன் டாங்கிக்குள் ஒரு ரப்பர் குழாயை விட்டு, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுவார்கள். டீசல் வரத் தொடங்கியதும் அந்த முனையைக் கீழே இருக்கும் கேனுக்குள் இறக்கிவிடுவார்கள். விவரம் தெரிந்த ஓட்டுநர் வாய் வைக்கமாட்டார். சிறிய கைப்பம்பு ஒன்றை எடுப்பார்.

வாயோ பம்போ, இரண்டும் டீசலை 'இழுப்பதாக'வே நாம் நினைக்கிறோம். இளநிலை இயற்பியல் மாணவரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இந்த விடையே வரும். உண்மையில் எதுவும் டீசலை இழுப்பதில்லை. குழாயினுள் இருக்கும் காற்று குறைகிறது. வெளியே இருக்கும் காற்று டாங்கியின் மூடித்துளை வழியாக டீசலின் மேற்பரப்பை அழுத்துகிறது. அந்த அழுத்தமே டீசலைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. இந்த எளிய உண்மையைக் கண்டுகொள்ள மனிதனுக்குப் பம்பு பிறந்தபின் ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த டெசிபியஸ் என்பவர் இரண்டு சிலிண்டர்களும் வால்வுகளும் கொண்ட பம்பை அமைத்தார். நம் கிராமத்துச் சிறுவர்கள் மூங்கிலில் செய்யும் பீச்சாங்குழலோடு வால்வுகளைச் சேர்த்தால் அதுதான். அது நன்றாகவே வேலை செய்தது. ஏன் வேலை செய்கிறது என்பதற்குத்தான் தவறான விளக்கம் நிலைத்தது. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, ஆகவே பிஸ்டன் மேலே போனால் அந்த இடத்தை நிரப்ப நீர் ஓடி வருகிறது என்றனர். கேட்பதற்கு அழகான விளக்கம்! ஆனால் அந்த வெறுப்புக்கு ஓர் எல்லை இருந்தது.

1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ ஒரு புதிரைக் குறிப்பிடுகிறார். உறிஞ்சு பம்பு எதுவும் 18 முழத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல், நீரை ஏற்றுவதில்லை. நீளமான கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல, நீர்த்தூணும் தன் எடையாலேயே அறுகிறது என்று அவர் கருதினார். அத்தகைய மேதையும் விடையின் வாசல் வரை வந்து திரும்பிவிட்டார்.

அவருடைய மாணவர் டாரிசெல்லி விடையைப் பம்பினுள் தேடாமல் வெளியே தேடினார். நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம். அந்தக் கடலின் எடைதான் நீரை மேலே தள்ளுகிறது என்பது அவர் முடிவு. அப்படியானால் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியான பாதரசம் அதற்கேற்பக் குறைந்த உயரமே ஏற வேண்டும். 1643இல் செய்த சோதனையில் அது 76 சென்டிமீட்டரில் நின்றது. 1648இல் பாஸ்கலின் வேண்டுகோள்படி அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் பிரான்சின் புய் தெ தோம் மலைமீது ஏறினார். உயரே செல்லச் செல்லப் பாதரசம் இறங்கியது. நம் ஊரில் பார்க்க வேண்டுமானால் உதகைக்குச் செல்லலாம். கடல்மட்டத்தில் 10.3 மீட்டர் எனும் வரம்பு அங்கே 8 மீட்டரளவே இருக்கும்.

குற்றாலப் பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். அதன் உச்சியில் எவ்வளவு பெரிய பம்பை வைத்து, குழாயைக் கீழே தொங்கவிட்டு இயக்கினாலும் நீர் ஆறில் ஒரு பங்கு உயரத்தைத் தாண்டாது. எஞ்சினின் குதிரைத்திறன் இங்கே செல்லுபடியாகாது. வேலை செய்வது காற்று, அதன் பலம் அவ்வளவுதான். ஆழக் கிணறுகள் மிகுந்த நம் தென்மாவட்டங்களில் கமலை நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். மாடு சாலைக் கயிற்றால் தூக்குகிறது. அதற்குக் காற்றின் தயவு வேண்டியதில்லை.

பம்பு எண்ணெய்க்கு வந்த கதை சுவையானது. அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரில் ஒரு மளிகைக் கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் வெண்ணெய்ப் பீப்பாயும் அருகருகே இருந்தனவாம். வெண்ணெயில் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறது என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தாராம். 1885இல் சில்வானஸ் பவுசர் என்பவர் அக்கடைக்கு ஒரு கைப்பம்பு செய்து கொடுத்தார். அதன் பிஸ்டன் மரத்தாலானது. வால்வுகள் பளிங்குக் கோலிகள். மோட்டார் வாகனங்கள் பெருகியபோது அதே பம்பு பெட்ரோலுக்கு மாறியது. அவர் பெயர் இன்றும் வழங்குகிறது. இலங்கைத் தமிழர் எரிபொருள் கொண்டு செல்லும் டாங்கர் லாரியைப் 'பவுசர்' என்றே சொல்கின்றனர்.

நம் நாட்டில் மண்ணெண்ணெய்க் கடைக்காரர் 200 லிட்டர் பீப்பாயின் வாயில் பம்பைச் செருகி லிட்டர் லிட்டராக அளந்து ஊற்றிய காட்சி பலருக்கு நினைவிருக்கும். அதன் தோல் வாஷர் காய்ந்து சுருங்கினால் இடுக்கு வழியாகக் காற்று நுழைந்துவிடும். எவ்வளவு அடித்தாலும் எண்ணெய் வராது. கடைக்காரர் வாஷரை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துவார். டாரிசெல்லியைப் படிக்காமலே அவர் அவரைப் புரிந்துகொண்டிருந்தார்!

பெட்ரோலில் வேறொரு சிக்கல் உண்டு. அது நீரைவிட லேசானது. ஆகவே 14 மீட்டர் வரை ஏறவேண்டும் என்று கணக்குப் போடலாம். ஆனால் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். 38 டிகிரி செல்சியசில் அதன் ஆவியழுத்தம் 60 கிலோபாஸ்கல் வரை இருக்கலாம். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். மீதி 41தான் பெட்ரோலை ஏற்றப் பயன்படும். வரம்பு 5½ மீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. சாரல் நாளில் குற்றாலத்தில் கூடுதலாக ஏறும் அதே பெட்ரோல், சித்திரை வெயிலில் தென்காசியில் குறைவாகவே ஏறும். முன்பு அம்பாசடர் கார்கள் கோடையில் மலைப்பாதை ஏறும்போது திடீரென்று நின்றுவிடுவதுண்டு. எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் பம்பினுள்ளேயே ஆவியாகிவிடும். ஓட்டுநர் ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுக் காத்திருப்பார். அது சரியான இயற்பியல் வைத்தியமே.

டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றுத் தொல்லை உண்டு. டாங்கி வற்றினால் குழாய்களில் காற்று புகுந்துவிடும். புதிதாக டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. எஞ்சினோடு இணைந்த சிறு கைப்பம்பை அடித்து, திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை 'ஏர்' எடுக்க வேண்டும்.

இனி வாய் வைத்து உறிஞ்சும் பழக்கத்துக்கு வருவோம். எந்த அழுத்த வேறுபாடு டீசலைக் குழாயில் ஏற்றுகிறதோ அதுவே அதை வாய்க்குள்ளும் தள்ளும். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் நீரைவிடக் குறைந்த பரப்பு இழுவிசை உடையவை. சில துளிகள் மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரலில் மெல்லிய படலமாகப் பரவிக் கடும் அழற்சியை உண்டாக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைப்பது பெருந்தவறு. வயிற்றில் கிடப்பதைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் போவதே கொடியது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் மண்ணெண்ணெய் வைக்கும் வீடுகளில் குழந்தைகளுக்கு நேர்வதும் இதுவே.

கைப்பம்பிலும் கவனம் தேவை. குழாயில் ஓடும் பெட்ரோல் நிலைமின்னேற்றம் பெறுகிறது. ஒரு பொறி போதும். உலோகக் கேனைத் தரையில் வைத்து, குழாயின் முனை கேனைத் தொட்டபடி நிரப்ப வேண்டும். வண்டியின் மேலேயே பிளாஸ்டிக் கேனை வைத்து நிரப்பக்கூடாது. பீடி, சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வரம்பு 10 மீட்டர் என்று தெரிந்தபின் பொறியாளர்கள் அதனோடு மல்லுக்கட்டவில்லை. பம்பைக் கீழே இறக்கிவிட்டார்கள். 1970களில் உருவான 'இந்தியா மார்க் 2' கைப்பம்பில் கைப்பிடிதான் தரைக்கு மேல். சிலிண்டர் ஆழ்துளைக் கிணற்றினுள் நீருக்கடியில். சென்னையில் தயாராகி, கோவை வட்டாரத்து ஆழக் கிணறுகளில் சோதிக்கப்பட்ட பம்பு அது. அங்கே பிஸ்டன் நீரை மேலே தூக்குகிறது. ஆகவே 40 மீட்டருக்குக் கீழிருந்தும் ஒரு பெண் கையால் அடித்துக் குடத்தை நிரப்ப முடிந்தது. பெட்ரோல் பங்குகள் பலவற்றிலும் இப்போது பம்பு நிலத்தடித் தொட்டிக்குள் மூழ்கியே இருக்கிறது. 2020க்குப் பின் வந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் பம்பு டாங்கிக்குள்ளேயே அமர்ந்துவிட்டது. ஈரத்துணிக்கு அங்கே வேலை இல்லை.