அறிவித்தலில் இல்லாத பெயர்

சிலருக்கு இது இரவுச் சாப்பாட்டு நேரம், சிலருக்கு விடிகாலை. அப்படியிருந்தும் இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். நன்றி.

நான் வரலாறு படித்தவள் இல்லை. தாதியர் டிப்ளோமா முடித்து நோயாளர் விடுதிகளில் வேலை செய்பவள். எங்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு விதி சொல்லித் தருவார்கள்: எழுதப்படாதது செய்யப்படாதது. நீங்கள் மருந்து கொடுத்திருக்கலாம். ஆனால் பதிவில் நேரமும் கையொப்பமும் இல்லாவிட்டால் கொடுக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். விடுதியில் இந்த விதி உயிரைக் காக்கும். போர்க்காலத்துப் பத்திரிகைகளில் குடும்ப வரலாறு தேடும்போது இதே விதி எங்களை ஏமாற்றிவிடும். அங்கே எழுதப்படாமல் விட்ட இடத்தில்தான் பல சமயம் நடந்தது இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய பத்திரிகைகளை வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் குடும்பங்களில் காகிதங்கள் மிஞ்சியது குறைவு. ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு பெட்டி குறைந்தது. உறுதி, பிறப்புப் பதிவு, கலியாணப் படம் எல்லாம் போய்விட்டன. ஆனால் பத்திரிகை ஊருக்கெல்லாம் அச்சான பொருள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். யாழ்ப்பாணத்துக்கு இதில் நீண்ட மரபு உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக 'உதயதாரகை'யைத் தொடங்கினார்கள். கொழும்பில் 1930இல் 'வீரகேசரி' வந்தது. யாழ்ப்பாணத்திலேயே 1959இல் 'ஈழநாடு', 1985இல் 'உதயன்'.

1981ஆம் ஆண்டு மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் யாழ். பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. அதாவது, பத்திரிகையை அச்சடித்த இடமும் பழையவற்றைத் தேடிப் படிக்கக்கூடிய இடமும் ஒன்றாகவே போய்விட்டன. இன்று நாங்கள் திரையில் பார்க்கும் பழைய இதழ்களில் பல, தனியாட்களின் அலுமாரிகளிலும் சிறிய நூலகங்களிலும் தப்பியவை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் அவற்றை ஸ்கேன் செய்து எல்லோரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

அங்கே போனால் முதற் பக்கத்தில் தொடங்காதீர்கள். மரண அறிவித்தல்களில் தொடங்குங்கள். முதற் பக்கச் செய்தி, யாரோ ஒருவர் கேள்விப்பட்டு அவசரத்தில் எழுதியது. 'ஷெல் விழுந்து நால்வர் பலி' என்று வரும் இடத்தில் பெயரின் எழுத்து மாறியிருக்கும், வயது குத்துமதிப்பாக இருக்கும். அறிவித்தலோ குடும்பம் உட்கார்ந்து யோசித்து, சொல்லுக்குக் காசு கொடுத்துப் போட்டது.

அதன் அமைப்பு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எந்த ஊர் பிறப்பிடம், எந்த ஊர் வதிவிடம். 'அன்னார்' என்று தொடங்கி, யாருடைய சிரேஷ்ட அல்லது கனிஷ்ட பிள்ளை, யாருடைய அன்பு மனைவி, யார் யாருடைய தாய், மாமி, பேர்த்தி. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஜேர்மனி, கனடா, சவூதி. ஒரே அறிவித்தலில் நான்கு தலைமுறையும் குடும்பம் சிதறிப்போன திசைகளும் கிடைக்கும். சமயமும் தெரியும். 'தகனம்', 'மயானம்' என்றால் ஒரு வழி. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'சேமக்காலை' என்றால் இன்னொரு வழி. இரண்டு சகோதரர்களின் அறிவித்தல்களில் இந்தச் சொற்கள் வேறுபட்டால், இடையில் ஒரு மதமாற்றமோ கலப்புக் கலியாணமோ இருக்கக்கூடும். அதை வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வினைச்சொல்லின் காலத்தையும் கவனியுங்கள். வழமையான நாட்களில் 'நல்லடக்கம் நாளை நடைபெறும்' என்று வரும். ஆட்களை அழைப்பதற்குத்தானே அறிவித்தல். குண்டு விழும் நாட்களில் 'நடைபெற்றது' என்று வரும். இருட்டுவதற்குள் பக்கத்தில் எங்கோ அடக்கிவிட்டு, பிறகு தெரிவிக்கிறார்கள். அந்த ஒரு விகுதியிலிருந்து செத்தவீட்டுக்கு யாரும் வந்திருக்க முடியாது என்று ஊகிக்கலாம். 'அகால மரணம்' என்ற சொல்லை வைத்து மட்டும் காரணத்தை முடிவுசெய்யாதீர்கள். ஷெல்லும் அதற்குள் அடங்கும், விபத்தும் அடங்கும், குடும்பம் சொல்ல விரும்பாத வேறு காரணங்களும் அடங்கும்.

பத்திரிகையே இல்லாத நாட்களும் உண்டு. 1987 அக்டோபர் 10ஆம் திகதி 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகிய பத்திரிகைகளின் அச்சகங்கள் இந்தியப் படையால் தகர்க்கப்பட்டன. அதன்பின் சண்டையும் ஊரடங்கும். சனம் வாசற்படி தாண்டாத நாட்களில் அறிவித்தலைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? அந்த வாரங்களில் இறந்தவர்களை அந்த வாரங்களின் இதழ்களில் தேடிப் பயனில்லை. ஒரு வருடம் முன்னே போங்கள். 1988 அக்டோபர், நவம்பர் இதழ்களில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வரக்கூடும். அதில் இறந்த திகதியும் இருக்கும். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் அச்சுத்தாள் கிடைக்கவில்லை. பள்ளிக் கொப்பிக்குப் பாவிக்கும் கோடு போட்ட தாளிலும் பத்திரிகை அச்சானது. இடம் சுருங்கியபோது அறிவித்தலும் சுருங்கியது. அங்கே ஒரு பெயர் இல்லாவிட்டால் அது தாளின் குறையாகவும் இருக்கலாம்.

எங்கள் அம்மம்மா இறந்தது அந்த 1987 அக்டோபரில், ஊரடங்கு நாட்களில், நோயில். சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் வளவுக்குள் அடக்கினார்கள். எங்கள் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் எல்லாம் எழுதுவது வழக்கம். அந்த வேதாகமமும் 1995 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. ஆகவே நினைவஞ்சலியைத் தேடினேன். கிடைத்தது. திகதி இருந்தது. பிள்ளைகளின் பெயர்களும் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஐந்து. அம்மம்மாவுக்குப் பிள்ளைகள் ஆறு.

இல்லாத பெயர் சின்ன மாமாவுடையது. 1986இல் ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவவுக்கு எண்பத்திரண்டு வயது. "ஏன் பெரியம்மா, அவர்மேல் கோபமோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கோபம் இல்லைப் பிள்ளை. முதல் நாள் இரவு முழுக்க அதைத்தான் கதைச்சம். 'காலஞ்சென்ற' எண்டு போட்டால் நாங்களே அவனைச் சாகக் குடுத்த மாதிரி. மற்றாக்களோட சேர்த்துப் போட்டால், அவன் எங்கை எண்டு ஆராவது வந்து கேப்பினம். விட்டிட்டம். அப்பு அதுக்குப் பிறகு அந்தப் பேப்பரைக் கையால தொடேல்லை."

அந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தகவல் அந்த வெற்றிடம்தான். அவரை மறந்து விட்டுவிடவில்லை. ஓர் இரவு முழுக்க யோசித்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

எங்கள் அறிவித்தல்களின் மொழியில் இரண்டு வரிசைதான் உண்டு: காலஞ்சென்றவர்கள், உயிரோடிருப்பவர்கள். காணாமற்போனவர்களுக்கு இடமில்லை. இலங்கையில் 2016இல்தான், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள் ஆளைக் காணவில்லை என்று உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்றைப் பெறச் சட்டம் வழிசெய்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்டதும் இதே கேள்விதான்: என் பிள்ளை எந்த வரிசையில்? அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய மரண அறிவித்தல்களையும் ஒருநாள் பேரப்பிள்ளைகள் தேடுவார்கள், பிள்ளைகளின் பெயர்களை எண்ணிப் பார்ப்பார்கள்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். அறிவித்தலில் இருக்கும் பெயர்களை எழுதிக்கொள்வதோடு நிறுத்தாமல், உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தோடு ஒப்பிட்டு இல்லாதவர்களையும் எழுதுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர்களிடம் போங்கள். கேள்வியைப் பத்திரிகை தரும், பதில் அவர்களிடம்தான் இருக்கிறது. வேலையில் நான் முதியவர்களோடு இருப்பவள். நினைவு மங்கத் தொடங்கினால் அது எங்களுக்காகக் காத்திருக்காது. கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லாமல் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். கிடைத்ததை உடனே முகநூலில் போடவேண்டாம். அந்த அறிவித்தல்களில் உள்ள சிலர் இன்னும் ஊரில் வாழ்கிறார்கள்.

உங்கள் வீடுகளில் படச்சட்டத்துக்குப் பின்னாலும், வேதாகமத்துக்குள்ளும், தேவாரப் புத்தகத்துக்குள்ளும் வெட்டி வைத்த துண்டுகள் இருக்கும். வெட்டும்போது திகதியும் பத்திரிகையின் பெயரும் போயிருக்கும். துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பாதிச் சினிமா விளம்பரமோ, பரீட்சை முடிவோ, ஒரு செய்தியோ இருந்தால் ஆண்டைப் பிடித்துவிடலாம். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, யாருடையது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். முழு இதழ்கள் இருந்தால் எறியாமல் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள்.

நான் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அதில் அம்மம்மாவின் பிள்ளைகள் ஆறு பேரையும் எழுதியிருக்கிறேன். சின்ன மாமாவின் பெயருக்கு நேரே 1986 என்று மட்டும் இருக்கிறது. அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.