ஊர்ச் சாவடியும் ஊராட்சியின் கடமையும்

ஊரார் ஒருங்கிருந்து நன்மை தீமைகளை ஆராய்தற்கு ஒரு பொதுவிடம் இன்றியமையாதென்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். மன்றம், அம்பலம், சாவடி என வழங்கிய பெயர்களே அதற்குச் சான்றாம். இக்காலத்துச் சமுதாயக் கூடமும் அவற்றின் வழிவந்ததே. எனினும், திறப்பு விழாவன்று கண்ட பொலிவைப் பின்னர்க் காணாது, சுவர் வெடித்தும் கதவு பூட்டியும் கிடக்கும் கூடங்கள் பல. அவற்றைக் காக்கும் வழி யாதென்பதைச் சரித்திர வாயிலாக ஈண்டு ஆராய்வோம்.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களை அறியாதார் இலர். ஊரை 30 குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை வாயிலாகத் தேர்ந்த பெருமக்களுள், ஆண்டு வாரியத்திற்கு 12 பேரும், தோட்ட வாரியத்திற்கு 12 பேரும், ஏரி வாரியத்திற்கு 6 பேரும் அமர்ந்தனர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதற்கு உரியரல்லர். பொதுப் பொருளுக்குப் பொறுப்பாளர் வேண்டும். அவர் கணக்கிற்குக் கட்டுப்படல் வேண்டும். நாம் கொள்ளத்தக்க முதற் பாடம் இதுவே.

ஆயினும் அச்சபையின் குறையையும் மறைத்தல் தகாது. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. பிற்காலத்துச் சாவடிகள் பலவற்றிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் திண்ணையில் ஏறவொண்ணாதென்ற கொடுமை நிலவிற்று. அக்கொடுமையில் நம்மவர்க்குப் பங்கில்லை என்று கூற நாம் துணியோம்.

ஆங்கில ஆட்சியில் 1884-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனங்களை விரிவாக்கிற்று. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப் பஞ்சாயத்துக்களுக்கு வழி செய்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, அரசுப் பொருளால் முற்றுமோ ஒரு பகுதியோ பேணப்படும் பொதுவிடங்களில் சாதி காட்டி எவரையும் தடுத்தலாகாதென விதித்தது. 1992-ஆம் ஆண்டின் 73-ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களுள், சமுதாயச் சொத்துக்களைப் பேணலும் ஒன்றாயிற்று. அதன்வழி எழுந்ததே 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்.

ஆகவே ஊராட்சி மன்றங்கள் கூடத்தைக் கட்டுவதோடு அமையாது, ஆண்டுதோறும் பழுது பார்த்தற்கெனப் பொருள் ஒதுக்குக. எளியோரும் கொடுக்கத்தக்க வாடகை விதித்து, வரவு செலவைக் கிராம சபையில் படித்துக் காட்டுக. அச்சபையையும் அக்கூடத்திலேயே கூட்டுக. மணநாளன்றி ஏனைய நாட்களில் அது படிப்பகமாகவும் மாணவர்க்கு இரவுப் பாடசாலையாகவும் விளங்குமாயின், ஊரார் அதனைத் தமதெனக் கருதிக் காப்பர்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு வார்த்தை. நம்மவர் இடமும் பொருளும் ஈந்து எழுப்பும் கூடங்களை நம் குலத்தார்க்கே உரியவென வரையறுத்தல் பழைய திண்ணையைப் புதுப்பித்தலே ஆகும். பொதுக் கூடத்திற்கு நிலம் உதவுவோர் நிபந்தனையின்றி ஊராட்சிக்கே எழுதி வைப்பாராக. கல்லில் பெயர் பொறிப்பினும், கதவு எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும். கிளைச் சங்கத்தார் இதனை அடுத்த கூட்டத்தில் ஆலோசித்து முடிவு செய்வார்களென நம்புகிறோம்.